வேலியோரத்து ஆமையும் என் கைப்பேசியும்

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரண்டு நல்ல மழை கிடைத்திருந்தது. மேட்டுக்காட்டில் சோளமும் ஊடே விதைத்த தட்டைப்பயறும் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. காலை ஏழு மணி இருக்கும். வேலியில் ஆடு நுழைந்த இடத்தை அடைக்கலாம் என்று முள் வெட்டி இழுத்துக்கொண்டு போனேன். கிளுவை மரத்தடியில் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது.

கல் எப்படி நகரும்? குனிந்து பார்த்தால் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் வெயில் தெறித்த மாதிரி நாலா பக்கமும் ஓடுகின்றன. தரையில் பரவிக் கிடந்த கோவைக்கொடியின் இலையை நிதானமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது பார்த்தது. அதற்குப் பிறகு முப்பது வருடமாகக் கண்ணில் படவே இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கட்டாமை என்பார்கள். புத்தகத்தில் நட்சத்திர ஆமை.

எங்கள் ஊர் கொங்கு நாட்டின் வறண்ட பக்கம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் என்று கொரங்காடுகள் இருக்கும் பகுதி. அதற்கு மேல் ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தேங்காய்ப் படம்

எனக்கு அப்போதுதான் புதுக் கைப்பேசி வாங்கியிருந்தது. படம் எடுக்கும் ஆசை. ஆமையை அப்படியே இரண்டு கையிலும் தூக்கினேன். தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சட்டை நனைய மூத்திரம் பெய்துவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கிணற்றுமேட்டுத் திண்ணையில் வைத்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று பன்னிரண்டு படம் எடுத்தேன். பத்து நிமிடம் காத்திருந்தும் தலையை வெளியே நீட்டவில்லை. திரும்ப வேலியோரத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஆமைப் படமா, தேங்காய்ப் படமா?" என்றாள்.

அந்த மூத்திரத்தைப் பற்றிப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வறண்ட நிலத்து ஆமை தன் உடம்பில் சேர்த்து வைக்கிற தண்ணீர் அது. நாம் தூக்கினால் பயத்தில் அதைக் கொட்டிவிடும். மழைக்காலத்தில் போனால் போகிறது, கோடையில் போனால் அதற்கு அடுத்த தண்ணீர் எப்போது என்று யாருக்குத் தெரியும்? நாம் விளையாட்டாகத் தூக்குகிற ஒரு தூக்கல், அதற்குக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி.

நான் செய்த தப்பு

அன்று சாயங்காலம் அந்தப் படங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருநூறு பேருக்கு மேல் இருக்கிற குழு. விதை, நாட்டு மாடு, மழைச் செய்தி எல்லாம் வரும். "இயற்கை விவசாயத்துக்கு மாறிய எங்கள் தோட்டத்தில் நட்சத்திர ஆமை" என்று எழுதி, ஊர்ப் பெயர், தோட்டத்துப் பெயர் எல்லாம் சேர்த்தே போட்டேன். பெருமைதான், வேறென்ன. நிறையப் பேர் கும்பிடு போட்டார்கள், கை தட்டினார்கள். படம் அங்கிருந்து எங்கெங்கே போனதோ.

ஐந்தாம் நாள் ஒரு வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள்.

"ஏனுங்க, உங்க காட்டுல ஆமை இருக்குதுங்களாமா?"

"இருந்துச்சுங்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

"தெரிஞ்சவங்க வீட்டுல வெக்கோணும்னு கேக்கறாங்க. வெச்சா நல்லதுன்னு ஒரு நம்பிக்கைங்க. ஒண்ணுக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்தர்றோம்."

அதெல்லாம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களும் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே போனார்கள். ஊருக்குள் டீக்கடையில் நின்று எங்கள் காட்டு எல்லை எது என்று விசாரித்திருக்கிறார்கள். அது பிறகுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மழை பெய்து வெறித்த மறுநாள் வேலியோரம் போனேன். ஈர மண்ணில் எங்கள் வீட்டு ஆட்களுடையது அல்லாத செருப்புத் தடம். நாலு இடத்தில் வேலியின் அடிமுள்ளை இழுத்து விலக்கிப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆமையை நான் பார்க்கவில்லை. அந்த ஐப்பசியிலும் பார்க்கவில்லை, அடுத்த ஐப்பசியிலும் பார்க்கவில்லை.

அவர்கள்தான் எடுத்தார்கள் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் வழி சொன்னது நான்தான். வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சோம்பல் பாதி, நம்மையே ஏதாவது கேட்பார்களோ என்ற பயம் பாதி.

வெளிநாட்டு வீடுகளுக்குப் போகும் எங்கள் வேலி ஆமை

அதற்குப் பிறகுதான் இந்த ஆமையைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இயற்கையாக இது வாழும் இடங்கள் குறைவு. தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகள், இலங்கை, மேற்கே குஜராத், இராஜஸ்தான், அதை ஒட்டிய பாகிஸ்தான் பகுதி. அவ்வளவுதான். ஓட்டின் அழகுதான் இதற்கு எமன். வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகப் பிடித்து, பெட்டியில் அடைத்து, விமானத்தில் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பயணப்பெட்டிக்குள் இருந்து நூற்றுக்கணக்கில் பிடிபட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த ஆமைகள் ஏதோ காட்டில் இருந்து மட்டும் போகவில்லை. நம் வேலியோரங்களில் இருந்தும் போகின்றன.

2019இல் ஜெனீவாவில் நடந்த உலக நாடுகளின் வன உயிர் வணிக மாநாட்டில் நட்சத்திர ஆமையை உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்தில் இந்த ஆமை அதன் முதல் அட்டவணையில் வந்துவிட்டது. புலி இருக்கிற அதே அட்டவணை. பிடித்தால், விற்றால், வீட்டில் வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 'அதிர்ஷ்டத்துக்கு' என்று தொட்டியில் விட்டு வளர்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் ஊரில் நம்பிக்கை வேறு மாதிரி. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அதனால் வாசலில் ஆமையைக் கண்டால் கோலால் தள்ளி விரட்டுவார்கள். ஒரு ஊரில் அதிர்ஷ்டம், இன்னொரு ஊரில் தரித்திரம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது ஆமை. ஐம்புலனையும் அடக்கி வாழ்வதற்கு வள்ளுவர் உவமை சொன்னது இந்த உயிரைத்தான்.

காலைப் பார்த்தால் தெரியும்

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. நல்ல மனதோடு செய்கிற கொடுமை. பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருவர் பல வருடத்துக்கு முன்னால் ரோட்டில் போன கட்டாமையைப் பார்த்து, வண்டியில் அடிபட்டுவிடுமே என்று பரிதாபப்பட்டு, கொண்டுவந்து கிணற்றில் விட்டுவிட்டார். ஆமை என்றாலே தண்ணீரில் இருப்பது என்று நினைப்பு. கட்டாமைக்கு நீந்தத் தெரியாது. மூழ்கிச் செத்துப்போனது.

வித்தியாசம் காலில் இருக்கிறது. கட்டாமைக்கு யானைக்கால் மாதிரி உருண்டையான கால். விரலிடையில் சவ்வு கிடையாது. ஓடு மேடாக, உருண்டையாக இருக்கும். குளம், வாய்க்கால், கிணறுகளில் இருக்கும் பாலாமைக்குத் துடுப்பு மாதிரி சவ்வுக்கால். ஓடு தட்டையாக, தோல் போர்த்திய மாதிரி வழவழப்பாக இருக்கும். பின்காலை உள்ளே இழுத்துக்கொண்டால் கதவு மூடுகிற மாதிரி இரண்டு மடிப்புகள் வந்து மூடிக்கொள்ளும். மூக்கு நீண்டு, குழாய் மாதிரி இருக்கும். உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். காராமை என்று இன்னொன்று உண்டு. கறுத்த, கெட்டியான ஓடு. அதுவும் தண்ணீர் ஆமைதான்.

ரோட்டைக் கடக்கிற ஆமையைப் பார்த்தால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் ஓரமாக எடுத்து விட்டால் போதும். வேறு எங்கும் கொண்டுபோக வேண்டாம்.

வண்டலோடு வந்த பாலாமை

2022 வைகாசியில் எங்கள் ஊர்க் குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தது. நம்மைப் போன்றவர்களுக்கு வண்டல் என்றால் பொன். நான் பத்து டிராக்டர் லோடு அடித்தேன். காட்டில் கொட்டிய குவியலில் ஒரு கட்டி மண் அசைந்தது. மறுபடியும் அதே கதை, கல் நகர்ந்த மாதிரி. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாலாமை. சோற்றுத்தட்டு அகலம். பாசி நிறம். ஓட்டின் ஓரத்தில் ஜேசிபி பல் பட்டுக் கீறியிருந்தது.

குளம் வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்துகொண்டு, அடுத்த மழை வரைக்கும் அசையாமல் கிடக்கும். மேலே பாளம்பாளமாக வெடித்திருக்கும், கீழே உயிர் இருக்கும். நாம் அந்த நேரம் பார்த்துத்தான் இயந்திரத்தை இறக்குகிறோம். அன்று எனக்கு முன்னால் எத்தனை லோடு போனது, அதில் எத்தனை ஆமை போனது என்று கணக்கில்லை. செங்கல் சூளைக்குப் போன லோடுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்கியது.

ஜேசிபி ஓட்டுகிற தம்பியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணா, காலைல இருந்து மூணு நாலு பாத்தேனுங்க. ஓரமாத் தூக்கிப் போட்டனுங்க. வேற என்ன பண்றது?" என்றான். அவன் மேல் தப்பில்லை. யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டி வந்து பேசினோம். மதகுப் பக்கத்துப் பள்ளத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அந்த மூலையில் கால் ஏக்கர் அளவுக்கு மண் எடுப்பதில்லை என்று முடிவானது. வாளியில் ஆமை வந்தால் நிறுத்திவிட்டு அந்த ஈரச்சேற்றில் கொண்டுபோய் விடுவது. இரண்டு நாளில் ஒன்பது பாலாமை அந்த மூலைக்குப் போனது. தூக்கும்போது ஓட்டின் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். கழுத்து நீளும், கடித்தால் லேசில் விடாது. என் கட்டைவிரல் சாட்சி.

பாலாமை நத்தை, நண்டு, தவளை, பூச்சி, பாசி என்று எல்லாம் தின்னும். செத்து மிதக்கும் மீனையும் விடாது. எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் ஆமை இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று விட்டு வைப்பார்கள். அது குளத்துக்கும் பொருந்தும். குளத்தைத் தூர்வாரி, அதைச் சுத்தம் செய்கிற உயிரை லாரியில் ஏற்றி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

நம் காட்டில் அதற்கு என்ன வேண்டும்

கட்டாமை புல், பூண்டு, கொடி, உதிர்ந்த பூ, பழம் தின்று வாழ்கிறது. சப்பாத்திக்கள்ளிப் பழத்தை விரும்பித் தின்னும். தின்ற விதை வேறொரு இடத்தில் சாணத்தோடு விழும். பயிருக்குச் சேதம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வெயில் ஏறினால் வேலியடிக்குப் போய்விடும். பெண் ஆமை பின்காலால் குழி பறித்து, இறுகிய மண்ணை மூத்திரம் விட்டு இளக்கி, சில முட்டைகள் இடும். குஞ்சு வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வரப் பல வருடம் ஆகும். அதனால்தான் வளர்ந்த ஆமை ஒன்று போனாலும் அந்த இடத்துக்கு அது பெரிய நட்டம்.

எங்கள் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலாமரமும் சுற்றிக் கிளுவை வேலியும் இருப்பது மாட்டுக்கும் செம்மறிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆமைக்கும் அதுதான் வீடு. 2018க்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இவை:

வேலியடியில் காய்ந்த சருகுக்கும் புல்லுக்கும் தீ வைப்பதில்லை. ஆமையால் நெருப்புக்கு முன்னால் ஓட முடியாது. சருகை வாரி மூடாக்காகப் போடுகிறேன்.

வேலியில் இருந்து ஆறடிக்கு டிராக்டர் போவதில்லை. ரோட்டவேட்டர் கத்திக்கு ஆமை ஓடு ஒரு பொருட்டே இல்லை. மழைக்காலத்தில் உழவுக்கு முன்னால் ஒரு நடை நடந்து பார்க்கிறோம்.

களைக்கொல்லி எங்கள் காட்டில் முன்பே இல்லை. பக்கத்துக் காட்டுக்காரரிடம் வேலியோரம் மட்டுமாவது அடிக்க வேண்டாம் என்று கேட்டேன். ஒரு வருடம் கழித்து ஒத்துக்கொண்டார்.

கிழக்கே கம்பிவலை போட வேண்டி வந்தபோது, தரையை ஒட்டி முப்பதடிக்கு ஒன்றாக ஒரு அடி அகல வழி விட்டுக் கட்டினோம். கட்டாமை எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒரு அடிக்கும் குறைவுதான்.

கிணற்றுக்கும் பண்ணைக்குட்டைக்கும் ஒரு பக்கமாவது சரிவு வேண்டும். நேர்ச்சுவர்க் குட்டையில் விழுந்த எதுவும் ஏற முடியாது.

படம் எடுக்கிறவர்களுக்கு

ஆமையைப் படம் எடுப்பதை நான் விடவில்லை. எடுக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். தூக்குவதில்லை, திருப்புவதில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளிக் குப்புறப் படுத்துக்கொள்கிறேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன், நிழல் அதன் மேல் விழக்கூடாது. விளக்கு மின்ன விடுவதில்லை. கைப்பேசியைத் தரையோடு வைத்து, அதன் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் தலையை நீட்டும், நடக்கும், மேயும். ஒருநாள் அப்படிப் படுத்துக்கிடந்தபோது ஆடு ஓட்டி வந்த அம்மாயி பதறிப்போய், "ஏங்கண்ணு, மயக்கம் கியக்கம் வந்திருச்சா?" என்று சத்தம் போட்டார். ஆமை உள்ளே போய்விட்டது.

இன்னொரு முக்கியமான விஷயம். கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடத்தின் விவரம் பதிந்துவிடும். கேமரா அமைப்பில் போய் இருப்பிடம் என்பதை அணைத்து வையுங்கள். வரப்பு, கிணறு, மலை என்று அடையாளம் தெரிகிற எதுவும் பின்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகநூலிலோ குழுவிலோ ஊர்ப் பெயர் வேண்டவே வேண்டாம். யாராவது விலை பேசி வந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

படத்தால் ஒரு உண்மையான பயனும் உண்டு. கட்டாமையின் முதுகில் நடுவே ஐந்து, இரு பக்கமும் நாலு நாலு என்று 13 பெரிய தகடுகள் இருக்கும். அந்த மஞ்சள் கோடுகள் ஒரு ஆமைக்கு இருக்கிற மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. மேலிருந்து ஒரு படம் தெளிவாக இருந்தால் போதும், அடுத்த வருடம் வருவது அதேதானா என்று சொல்லிவிடலாம்.

2021 ஐப்பசியில் தெற்கு வேலியில் ஒரு பெரிய ஆமையைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி மகள் அந்தப் பழைய தேங்காய்ப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கோடு கோடாக எண்ணினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தகட்டில் பழையதுக்கு எட்டுக் கோடு, இதற்குப் பதினொன்று. "இது வேறப்பா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

போன 2023 ஐப்பசி மழைக்குப் பிறகு, முதல் ஆமையைப் பார்த்த அதே கிளுவை மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை அளவு குட்டி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் காட்டில்தான் பொரித்திருக்க வேண்டும், அந்த அளவு உயிர் வெகுதூரம் வந்திருக்காது. எந்தத் தாய் இட்ட முட்டை என்று எந்தப் படமும் சொல்லாது. படுத்துக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குக்கூட அனுப்பவில்லை. பொங்கலுக்கு வந்தபோது கைப்பேசியில் காட்டினேன்.

இதழுக்குக் கொடுத்திருக்கும் படமும் அதில் ஒன்றுதான். ஓடு மட்டும் தெரியும்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். சுற்றியிருக்கும் புல்லைக்கூட விடவில்லை. அந்தப் புல் எங்கள் காட்டில் இருக்கிறது, ஆமையும் அங்கேயே இருக்கட்டும்.